அக்காவுக்காக வாங்கிய காடு

எங்கள் சொந்தக்காரர்களில் யாராவது, "உங்க அக்காவுக்காகத்தானே அப்பா அந்த வீட்டையே கட்டினாரு" என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். கல்யாணப் பந்தி என்றாலும் சரி, இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்தது என்றாலும் சரி. பெரியவர்களிடம் மரியாதை தெரியாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்பது எனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பம்மலில் வாடகைக்கு இருந்தோம். தெருவுக்குப் பின்னால் தோல் பதனிடும் ஷெட்டுகள். ஊறவைத்த தோலின் நாற்றம் சோற்றுத் தட்டுவரை வந்து உட்காரும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் அது பழகிவிட்டது. அக்காவுக்குப் பழகவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மார்கழி பிறந்தால் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடிதான் தூங்குவாள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டுத்தான் முடிப்பாள். குரோம்பேட்டை டாக்டர் ஒவ்வொரு தடவையும் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் சும்மா சார், பொண்ணுக்கு நல்ல காத்து வேணும், இடத்தை மாத்துங்க" என்பார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வருவார்.

அந்த நல்ல காற்று ஒரு காணும் பொங்கல் அன்று தற்செயலாகக் கிடைத்தது. எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். வாசலில் மெட்ராஸே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அலுத்துப்போய், "இன்னாத்துக்குங்க இந்தக் கூட்டத்துல நின்னுகினு? எங்க ஊரு பக்கம் காடு ஒண்ணு கீது. நெழல்ல குந்தி சோறு துன்னலாம், வர்றீங்களா?" என்றார். வண்டியைக் கிழக்கே திருப்பி, அகரம்தென் கிராமத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்.

பெரிய காடு என்று சொல்ல முடியாது. வனத்துறைப் பலகை எதுவும் இல்லை. யார் யாருக்கோ பட்டா உள்ள செம்மண் மேடு. காரையும் களாவும் ஈச்சம் புதரும் மண்டிக் கிடந்தன, நடுநடுவே புங்கனும் நாவலும் நின்றன. கீழே ஏரி, அதற்கு அப்பால் வயல். அக்கா களாக்காய் பறிக்கிறேன் என்று மேட்டில் ஏறிப் போனாள். அம்மா, "ஓடாதேடி, ஓடாதேடி" என்று பின்னாலேயே கத்திக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பி வந்து, மேலே ஒரு செம்போத்து இருக்கிறது, புதருக்குள் போய்விட்டது, நான் சத்தம் போடாமல் நின்றேன், மறுபடி வெளியே வந்தது என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஒரே மூச்சில். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் போக ஆரம்பித்தோம். தாம்பரத்துக்கு ஒரு பஸ், மாடம்பாக்கத்துக்கு ஒரு பஸ், பிறகு நடை. அவள் நர்சரி பள்ளியில் டீச்சர், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காட்டில் நாங்கள் எதுவும் செய்யவில்லை. நாவல் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருப்போம். சுள்ளி பொறுக்க வரும் பெண்களுக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. "இன்னா பாப்பா, வாரா வாரம் வர்றீங்க. சுள்ளியும் பொறுக்கறதில்ல, மாடும் மேய்க்கறதில்ல. இங்க இன்னாதான் கீது?" என்று ஒருத்தி கேட்டாள். "காத்து கீதுக்கா" என்றாள் அக்கா. அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு தடவை அப்பாவும் கூட வந்தார். அக்கா மேட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், அவர் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அப்பா கெட்டவர் இல்லை. என் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சலே அதுதான்.

தொண்ணூறுகள் பிறந்ததும் அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வேன்கள் ஓட ஆரம்பித்தன. மனை பார்க்க இலவச வண்டி, கூடவே பிரிஞ்சிப் பொட்டலம். மேட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் வெள்ளையடித்த கல்லை நட்டு, 'வனம்' என்று முடிகிற ஒரு பெயரையும் வைத்துவிட்டார்கள். இருக்கிற வனத்தை வெட்டப்போகிறவனுக்குப் பெயருக்கு மட்டும் வனம் வேண்டியிருக்கிறது! அப்பா அந்த வேனில் போய்விட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "உங்க காட்டுக்குள்ளயே மனை போட்டிருக்காங்கம்மா. உன் பேர்லயே வாங்கப்போறேன். இனிமே பஸ் பிடிச்சுப் போக வேணாம், அங்கேயே இருக்கலாம்."

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மரமெல்லாம் இருக்குமாப்பா?"

"இருக்காம? அதுக்குத்தானேம்மா வாங்குறதே!"

அவர் மனதாரத்தான் சொன்னார். அந்த வேனில் வந்த ஒவ்வொரு குடும்பமும் அந்த நிழலைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கும். என் மனையில் வீடு, பக்கத்து மனையில் மரம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். இத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூட, பக்கத்து மனைக்காரனும் இதையேதான் நினைப்பான் என்று உறைக்கவில்லை.

பத்திரம் பதிந்த பிறகு எல்லோருமாகப் போனோம். வண்டியைவிட்டு இறங்கியதும் எனக்கு இடம் தெரியவில்லை. புல்டோசர் விட்டு வழித்திருந்தார்கள். புதரையெல்லாம் குவித்துக் கொளுத்திய இடங்களில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. புரோக்கர் வெள்ளைச் சட்டையில் ஓடிவந்து, "எல்லாம் கிளீன் பண்ணிக் குடுத்துட்டோம் சார். ஒரு முள்ளு கெடையாது, பூச்சி பொட்டு கெடையாது" என்றார். அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "ம், சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

சுத்தம்! நம் ஊரில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டு எதை வேண்டுமானாலும் மொட்டையடிக்கலாம். செடி இருந்தால் பாம்பு வரும், மரம் இருந்தால் சருகு விழும், நிழல் இருந்தால் எவனாவது வந்து படுப்பான். எல்லாவற்றையும் வழித்துவிட்டுக் கட்டாந்தரையில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டால்தான் நமக்கு அது சொத்து.

அக்கா எங்கள் கல்லைத் தேடிக்கொண்டு போனாள். மனையின் மூலையில் ஒரு நாவல் மரம் தப்பித்திருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு நின்று, "இது ஒண்ணை விட்டுடுங்கப்பா" என்றாள். அப்பா சரி என்றார். அடுத்த வாரம் வாஸ்து பார்க்கிறவரை அழைத்துக்கொண்டு போய்விட்டு வந்தார். நாவல் நின்றது ஈசானிய மூலையாம். அந்த மூலையில் பாரம் இருக்கக் கூடாதாம். "வயசுப் பொண்ணு இருக்குற வீடும்மா. மரத்தை வெச்சிருந்தா கல்யாணம் தள்ளிக்கிட்டே போகும்னு சொல்றாரு. உனக்காகத்தான் யோசிக்கிறேன்." மூச்சுவிடுவதற்கு மனை, கல்யாணம் நடப்பதற்கு மரம் வெட்டு. எல்லாம் அவளுக்காகத்தான். நான் அன்றைக்குக் கத்தினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா கத்தவில்லை. கத்துகிற அளவுக்கு அவளுக்கு ஏது மூச்சு?

வீடு எழுந்தது. எங்கள் வீடு மட்டுமா, பார்க்கிற இடமெல்லாம் எழுந்தது. ஜல்லி லாரி செம்மண் பாதையில் போனால் அதன் பின்னால் எழும் புழுதி அடங்குவதற்குள் அடுத்த லாரி வரும். ஒரு பக்கம் சிமென்ட் கலவை, இன்னொரு பக்கம் மிச்சமிருந்த முள்ளைக் கொளுத்தும் புகை. அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் வீட்டைப் பார்க்க வருவாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் கட்டி முடிச்சா சரியாயிடும்" என்பார்.

கிரகப்பிரவேசத்தன்று பம்மலிலிருந்து வேனில் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினோம். கூடத்தின் நடுவில் ஹோமகுண்டம். நெருப்பு அலையக் கூடாது என்று சாஸ்திரிகள் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார், இழுத்து இழுத்துச் சாத்தினார்கள். அக்கா வாசலிலேயே நின்றாள். அப்பா கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் எதிரில் உட்கார வைத்தார். "மனை உன் பேர்ல. நீ முன்னாடி உட்காராம யார் உட்காருவா?" நெய்யும் சமித்தும் விழ விழக் கூடமே தெரியவில்லை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை நன்றாக வருவது நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அக்காவின் மூச்சு கேட்டது. விசில் மாதிரி. நான் எழுந்திருப்பதற்குள் அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். வெளியே உச்சி வெயில், நிற்பதற்கு ஒரு நிழல் கிடையாது. பக்கத்து மனையில் சல்லடையில் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நேரே போய் வேனில் ஏறி உட்கார்ந்தாள். பையிலிருந்த மருந்தை உறிஞ்சினாள். வெகுநேரம் கழித்துப் பேச்சு வந்ததும் டிரைவரிடம், "அண்ணா, பம்மலுக்கு... விடுங்கண்ணா" என்றாள்.

அதற்குள் அப்பா பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா? இத்தனையும் உனக்காகத்தானேம்மா..."

"எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா." அவள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "உங்களுக்குச் சொந்தமா ஒரு வீடு வேணும். அப்படின்னு சொல்லுங்க. அது நியாயம், நான் சந்தோஷப்படறேன். எனக்கு வேண்டியிருந்தது இங்க ஏற்கெனவே இருந்துச்சு."

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டு வாசலில் கூடிவிட்ட சொந்தக்காரர்களைப் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் இருப்பா, இலை போட்டாச்சு, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

அக்கா கதவைச் சாத்தச் சொன்னாள். நானும் ஏறிக்கொண்டேன். லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்ததால், களாக்காய் பறித்த மேடு, ஏரிக்கரை, மாடம்பாக்கம் என்று வழி நெடுக வேனின் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவைத்துக்கொண்டு புழுங்கிப்போய் வந்தோம். பம்மல் வந்த பிறகுதான் திறந்தோம்.