நாலில் ஒன்றுதான் பவுன்

ராயபுரத்து மீன்காரச் சந்துகளில் யாராவது கல்யாணத்துக்குப் பவுன் காசு வாங்கப் போனால் ரசூல் பீவியையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் கூலி வாங்கமாட்டாள். பார்த்து முடித்ததும் கை கழுவத் தண்ணீர் மட்டும் கேட்பாள்.

அந்த அறிவு அவளுக்கு வந்த விதம் கேவலமானது. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. கணவன் ரஷீதுக்கு ஹார்பரில் கிரேன் வேலை. விட்டு வர முடியாது. மூன்று வயது மகள் மலிகாவைத் தூக்கிக்கொண்டு, வேலூரிலிருந்த அக்கா வீட்டுக்கு அவள் மட்டும் கிளம்பினாள். அப்போது ரஷீதின் தம்பி ஷாகுல் ஹமீது வந்தான்.

"வளையலப் போட்டுகினு ரயில்ல போனா கையோட அறுத்துகினு பூடுவான் அண்ணி. குடு, பவுன் காசா மாத்தித் தரேன். இடுப்புல முடிஞ்சிக்க."

எட்டு வளையல் போய் ஆறு காசு வந்தது.

வேலூரில் மலிகாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு காசை விற்க ஆசாரியிடம் போனாள். அவர் உரைகல்லில் இழுத்து ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கோடு பச்சையாக நுரைத்து மறைந்தது. "பித்தளைம்மா. மேலதான் முலாம்" என்று நகத்தால் அவள் பக்கம் தள்ளினார். ஆறும் அப்படியே. மூக்குத்தியை விற்று வைத்தியம் பார்ப்பதற்குள் குழந்தைக்கு ஒரு காது போய்விட்டது.

காசு முடிந்திருந்த இடுப்பில் வியர்வைபட்டுப் பச்சை ஏறியிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். பித்தளை வாடை போனதாகவே தோன்றவில்லை.

"என்னியும் எவனோ ஏமாத்திட்டான் அண்ணி" என்று, அவள் பட்டணம் திரும்பியதும் ஷாகுல் அழுதான். வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். அவளும் பாதி நம்பினாள்.

அதற்கு முன்பே, வேலூரில் இருந்த மாதங்களில், அதே ஆசாரி கடைக்குப் போய், நல்ல காசை ஒரு கையிலும் தன் காசை மறு கையிலும் வைத்துப் பார்ப்பாள். போலிக் காசு அளவில் ஒத்துப்போனால் எடை குறையும். எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். விளிம்பு வரி நல்ல காசில் சீப்புப் பல் மாதிரி ஒழுங்காக இருக்கும். ஈரக் கையில் வைத்துத் தேய்த்தால் தங்கத்துக்கு வாடையே கிடையாது.

1953-ல் ஒரு நாள், காசிமேட்டில் மீன் விற்கும் ரோசி வந்தாள். மகளுக்குக் கல்யாணம். "கப்பல்காரன் கொண்டாந்த பவுனாம்க்கா. நாலு கீதாம். கடைய விடக் கம்மி."

"இன்னாத்துக்குக் கம்மி?" என்று கேட்டபடியே ரசூல் பீவி சின்னத் தராசை எடுத்துக்கொண்டாள்.

தண்டையார்ப்பேட்டையில் ரோசி கூட்டிப்போன தரகன் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் ஷாகுல் ஹமீது. இப்போது பழைய கப்பல் சாமான் கடை முதலாளி. தெருவில் நாலு பேர் எழுந்து சலாம் சொல்லும் ஆள். ஒரு கணம் திகைத்தான். பிறகு சிரித்தான்.

"அண்ணியா! டீ சொல்லட்டா?"

டீ வந்தது. அவள் தொடவில்லை. அவன் ஒரு காசை நீட்டினான். வரியைப் பார்த்தாள், குன்றிமணி போட்டு நிறுத்தாள், தேய்த்து மோந்தாள். அசல் பவுன். ரோசியின் முகம் மலர்ந்தது. ஷாகுல் மற்ற மூன்றையும் துணியில் முடிந்து ரோசி கையில் திணிக்கப்போனான்.

"இரு. இத்தையே படிக்கல்லா வெச்சிக்கிறேன்" என்று ரசூல் பீவி நல்ல காசை ஒரு தட்டில் போட்டாள். மறு தட்டில் ஒன்று ஒன்றாக அந்த மூன்றையும் வைத்தாள். மூன்று தடவையும் அந்தத் தட்டு மேலே போயிற்று.

ஷாகுல் அவள் காதருகே குனிந்தான். "நல்லத நீ எடுத்துக்க அண்ணி. வாய மூடிகினு போ."

அவன் வாயின் வெற்றிலை நாற்றம் முகத்தில் அடித்தது. அவள் ரோசிக்குக் கேட்கும்படி, "மூணும் பித்தளடி" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப நாப்பத்திரெண்டுலயும் நீதானா?"

அவன் தோளைக் குலுக்கினான். "ஊரே செத்துப்பூடும்னு ஓடிகினு இருந்துச்சி. நீங்க திரும்பி வருவீங்கன்னு யாரு கண்டா?"

ரோசி வாசலில் நின்று காறித் துப்பி, தெருவே கூடும்படி ஏசினாள். ரசூல் பீவி சாக்கடை ஓரம் குந்தி வாந்தி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ரஷீதிடம் சொன்னாள். அவர் தலை நிமிராமல் பீடி பற்றவைத்தார்.

"எனுக்கு அப்பவே தெரியும். கால்ல வுழுந்து அழுதான். தம்பியாச்சே, இன்னா பண்றது?"

பதினோரு வருஷம். ஒரு காது கேட்காத அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பதினோரு வருஷம் இந்த ஆள் சோறு தின்றிருக்கிறார். தம்பிக்கும் பெருநாளைக்குப் பெருநாள் அவள் கையாலேயே பிரியாணி போடவைத்திருக்கிறார். அவள் கத்தவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், பரிமாறமாட்டாள்.

ஷாகுலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சலாம் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ரோசி கடையில் ஒரே ஒரு பவுன் வாங்கி மகள் கல்யாணத்தை முடித்தாள். கல்யாணத்துக்குக் கணவன் மனைவி இருவரையும்தான் அழைத்திருந்தாள். ரசூல் பீவி மலிகாவோடு மட்டும் போய்வந்தாள்.