தொப்பைக் கிடாரும் என் தொண்டையும்

எங்கள் வீட்டுக் கிடாருக்குத் தொப்பை என்று பெயர். பாடற்குழுவில் வைத்த பெயர். அகலமான உடம்பு, ஆழமான வயிறு. என் கணவர் ஒரு இழுப்பு இழுத்தால் ராயபுரத்து மாதா கோயிலில் கடைசி பெஞ்சுப் பலகை வரைக்கும் அதிரும்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் இறங்கிப்போனது. உச்சத்தில் நின்று பாடியவளுக்கு இப்போது கீழே கரகரவென்றுதான் வருகிறது. போன் எடுத்தால் "சார்" என்கிறார்கள். பகல் முழுக்கத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் ஆபீசில் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, டிரெய்லர் வரிசைக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் ஊர்ந்து வீடு வந்தால் வாயைத் திறக்கவே பிடிக்காது.

அக்டோபர் வந்தது. இந்த ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபத்தை எங்கள் தெருவில் தினம் ஒரு வீட்டுக்குத் தூக்கி வந்து வைத்து ஜெபம் சொல்வார்கள். வந்த வீட்டுப் பெண்தான் முதல் பாட்டை எடுக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் முறை மாதக் கடைசியில். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான்தான் எடுக்கிறேன். இந்த வருடமும் நானே எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இதையும் விட்டுவிட்டால் அப்புறம் என்னிடம் என்னதான் மிஞ்சும்?

வீட்டில் பாடிப் பார்த்தோம். எங்களுடையது ஒற்றை அறை. அதில் தொப்பையை வாசித்தால் நான் பாடுவது எனக்கே கேட்கவில்லை.

"கொரலு கம்மியா கீதும்மே. கெத்தா வாசிச்சாதான் தூக்கி நிறுத்தும்," என்று அவர் இன்னும் அழுத்தி வாசித்தார். நல்ல எண்ணம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்கும் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "நீ சும்மா வாய அசைச்சிக்கினு நில்லும்மா. பின்னாலேர்ந்து நான் எட்த்துக்கிறேன். உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் கடற்காற்றின் ஈரத்தில் தொப்பையின் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை பசை விட்டுக் கிளம்பிவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் பழகுகிற சின்னக் கிடாரை இரவல் வாங்கி வந்தார். ஒட்டிய வயிறு, ஒடுங்கிய இடுப்பு. "இன்னா இது, கொசு கத்துற மாதிரி கீது," என்று முகத்தைச் சுளித்தபடி வாசித்தார். நானும் சலிப்போடுதான் வாயைத் திறந்தேன்.

என் குரல் கேட்டது.

இருவரும் நிறுத்திவிட்டோம். மறுபடி பாடினேன், மறுபடியும் கேட்டது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விளக்கினார். பெரிய உடம்புக்குள் காற்று அதிகம். அடித்தொனி கும்மென்று எழும்பும், சீக்கிரம் அடங்காது. என் பழைய குரல் அதற்கு மேலே ஏறி நின்றது. புதிய குரலோ அந்தத் தொனி உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே போய் முட்டுகிறது. சின்ன உடம்பில் அந்த அடித்தொனி குறைவு.

"கீழ எடம் காலியா கீது. அதான் உன் கொரலு கேக்குது," என்றார்.

இத்தனை நாள் என் தொண்டையைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது.

எங்கள் முறை வந்த அன்று தொப்பையும் ரிப்பேராகி வந்து சேர்ந்தது. பாடற்குழு ஆட்கள் முன்னால் பிள்ளைகள் கிடாரோடு உட்கார அவருக்குக் கூச்சம். தொப்பையின் பெட்டியைத் திறந்தார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"உன் கெத்து போவணுமா, என் பாட்டு போவணுமா? நீயே சொல்லுய்யா," என்றேன்.

பெட்டியை மூடிவிட்டுச் சின்னதை எடுத்தார்.

சுரூபத்தை மேசைமேல் வைத்தார்கள். நான் எடுத்தேன். கரகரப்பும் இரைப்புமாக, எதிலும் முட்டாமல், குரல் வாசல் வரை போயிற்று. இரண்டாவது அடியில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜெபம் முடிந்து சுண்டல் கொடுத்தேன். லேட்டாக வந்து தெருவிலேயே கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்ட எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "மொத பாட்டு எட்த்தது யாரும்மா? நல்ல கொரலு. உன் தம்பி வந்துகீறானா?"

சுண்டலை அவர் கையில் வைத்தேன்.

"நான்தான்க்கா," என்றேன்.