சோடா திறந்த நேரம்

இன்று ஸ்கூடாய் கடைத்தெருவில் எனக்கு நியாயம் கிடைத்தது.

மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருப்பதால், இரண்டு வயது மகள் கமலாவை ஒன்றுக்குப் போகப் பழக்கியது நான்தான். காலில் உட்கார வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்பேன். சத்தம் கேட்டால் போவாள். கேட்காவிட்டால் அடக்கிக்கொள்வாள்.

தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான எனக்கு வர வேண்டிய பெரிய கிராணி வேலையைத் துரையிடம் பல்லிளித்து வாங்கிக்கொண்டவர் சோடாக் கடையில் இருந்தார். கமலாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கட்டியிருந்தது இன்றுதான் சலவையிலிருந்து வந்த வெள்ளை வேட்டி.

"என்னய்யா, ஆபீஸ் வேலதான் ஓடல. பொம்பள வேலயாச்சும் ஓடுதா?"

"நல்லா ஓடுதுங்க. நான் சத்தம் குடுத்தாதான் போவா. இல்லன்னா ஒரு சொட்டு வராது."

"அலமாக்! புள்ளயா, தண்ணிக் குழாயா?"

கடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவருக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

"பாவம், கிராணிக்கு ஒரு சோடா ஒடைங்க."

கடைக்காரர் கோலியை அழுத்தினார். ஸ்ஸ்ஸ்.

கமலா, கற்றுக்கொடுத்தபடியே, வஞ்சனையில்லாமல் போனாள்.

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்தபோது நான் நிதானமாகச் சோடாவைக் குடித்து முடித்தேன். இத்தனை ருசியான சோடாவை நான் குடித்ததில்லை.

பழக்கிய என்மேல் குற்றமா, சோடா கேட்டவர்மேல் குற்றமா? நண்பர்களே, நீங்களே சொல்லுங்கள்.