சுருதி சேராத மிட்சுயோ

மிட்சுயோவும் நானும் ஒரே வசந்தத்தில், ஜப்பானின் வடக்கே உள்ள ஹகோதாதே நகரத்துச் சுற்றுலா பஸ் கம்பெனியில் வழிகாட்டிகளாகச் சேர்ந்தோம். இருவருக்கும் பதினெட்டு வயது. விடுதியில் ஒரே அறை. தலையில் சின்னத் தொப்பி, கைகளில் வெள்ளைக் கையுறை, வாயில் ஓயாத பேச்சு என்று ஊர் ஊராகப் பயணிகளை அழைத்துக்கொண்டு போக வேண்டும். கோட்டை வந்தால் கோட்டையின் கதை, மலை வந்தால் மலையின் கதை. இரண்டு ஊர்களுக்கு நடுவே பார்க்க ஒன்றுமில்லாத நீண்ட சாலை வந்தால் பாட வேண்டும்.

கதை சொல்வதில் மிட்சுயோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. நடந்து முடிந்து நூறு வருஷமான சண்டையை, நேற்று அவள் வீட்டு வாசலில் நடந்தது போலச் சொல்வாள். ஆனால் பாட்டு அவளுக்கு வரவே வராது. வேலையில் சேரும்போது காய்ச்சலென்று அவளைப் பாடச் சொல்லாமலே எடுத்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, எங்களில் யாரையும்விடப் பாட்டுப் பைத்தியம் அவள்தான். சம்பளம் வந்த அன்றே இசைத்தட்டுக் கடைக்கு ஓடுவாள். துறைமுகத்தில் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண், மழையில் பிரிகிற காதலர்கள், வடக்கே போகும் ரயிலில் தனியாக உட்கார்ந்திருப்பவன் என்று அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் அவளுக்கு ஓரெழுத்து பிசகாமல் தெரியும். மெட்டு மட்டும் எங்கேயோ போகும்.

அவளுடைய முதல் பயணத்தில் அகிதாவிலிருந்து வந்த விவசாயிகள். அப்போது ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த துறைமுகப் பாட்டு ஒன்றை எடுத்தாள். இரண்டு வரியில் பஸ்ஸே அடங்கிப்போயிற்று. மூன்றாவது வரியில் பின்சீட்டுக் கிழவர் ஒருவர் பொறுக்க மாட்டாமல், "அப்படி இல்லம்மா, இப்படி" என்று பாடிக் காட்டினார். அவருடைய மனைவி அவரைத் திருத்தினாள். அடுத்த ஊர் வருவதற்குள் நாற்பது பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று விடுதிக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"எட்சுகோ, நான் பாடறது அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"மோசம்னு சொல்ல மாட்டேன்டி. அது வேற ஏதோ பாட்டு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

தலையணையால் அடித்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

ஆனால் எல்லாரும் அந்த விவசாயிகளைப் போல இருப்பார்களா? ஒரு கூட்டத்தின் தலைவர், காசு கொடுத்து வந்தவர்களுக்கு இதுதானா பாட்டு என்று மேலாளரிடம் குறைப்பட்டுக்கொண்டார். மிட்சுயோவை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போது ஷிபுகாவா அலுவலகத்துக்குள் போனார். அவர் எங்கள் டிரைவர்களில் ஒருவர். மிட்சுயோவைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். யாராவது பாடச் சொன்னால், "என் வேலை ஸ்டீயரிங்" என்பதோடு சரி. அன்று மேலாளர் முன்னால் நின்று அவர் சொன்னதைக் கணக்கெழுதும் பெண் கேட்டு வந்து எங்களுக்குச் சொன்னாள்.

"சார், மத்தப் பொண்ணுங்க பாடினா ஜனங்க கைதட்டிட்டுத் தூங்கிடறாங்க. இந்தப் பொண்ணு பாடினா எல்லாரும் முழிச்சுக்கிட்டு அவங்களே பாடறாங்க. எனக்கும் தூக்கம் வர்றதில்ல. வண்டி ஓட்டறவனுக்கு வேற என்ன சார் வேணும்?"

மேலாளர் சிரித்துவிட்டாராம். மிட்சுயோ பஸ்ஸிலேயே இருந்தாள். நாளாக நாளாக அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே தன் அழகான குரலில் சொல்லிவிடுவாள், பயணிகள் பாடுவார்கள். அவளே உற்சாகத்தில் சேர்ந்துகொள்ளும்போதுதான் ஆபத்து. அவளுடைய வண்டிதான் வேண்டுமென்று கேட்டு வருகிறவர்கள்கூட இருந்தார்கள். பின்னால் பஸ்ஸுக்குள் கரோக்கே பெட்டி வந்ததும் நாங்களெல்லாம் அப்பாடா என்று உட்கார்ந்தோம். பயணிகளில் ஒருவர் பாட, மற்றவர்கள் தங்கள் முறைக்காகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மிட்சுயோவுக்கு அது பிடிக்கவில்லை. பெட்டி பழுதானால் அவள் முகம் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்கெல்லாம் முன்பே ஷிபுகாவா அவளைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். வீட்டில் பாடக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. அவள் சரியென்றாள், பாத்திரம் கழுவும்போதெல்லாம் மறந்தாள். அவர் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். ஒரு மகன் பிறந்தான், வளர்ந்தான், சப்போரோவுக்கு வேலைக்குப் போனான். இருவரும் ஓய்வுபெற்று, நான் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார்கள்.

ஷிபுகாவாவுக்கு எழுபத்து நாலு வயதில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் சத்தம்தான் வரும். கொஞ்ச நாளில் திறப்பதையே விட்டுவிட்டார். மிட்சுயோ அவர் பங்குக்கும் சேர்த்துப் பேசினாள். நான் போகும்போதெல்லாம், "எப்பவும் பேசாத மனுஷன்தானே, பெருசா ஒண்ணும் மாறலை" என்பாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

ஒரு மத்தியானம் மடியில் கூடையை வைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தன்னையறியாமல் ஒரு பாட்டு வாயில் வந்தது. மழையில் பிரிகிறவர்களின் பாட்டு. இரண்டாவது வரியில் வழக்கம்போல மெட்டு சறுக்கியது. ஷிபுகாவா முகத்தைச் சுளித்தார். இடது கையால் நாற்காலியின் கையைத் தட்டினார். பிறகு அந்த வரியைப் பாடினார். சொல், மெட்டு எதுவும் பிசகவில்லை.

கத்தி அவள் கையிலேயே நின்றது. மறுபடி பாடினாள். வேண்டுமென்றே தப்பாகப் பாட வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. அவர் மறுபடியும், இந்த முறை சற்றுக் கோபமாகவே, திருத்தினார்.

ஏப்ரனோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"எட்சுகோ, அவர் என்னைத் திட்டறாருடி. பாட்டுலயே திட்டறாரு."

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவள் பின்னால் ஓடினேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக எங்களில் ஒருவரும் கேட்டறியாத பாட்டுக் குரல். நல்ல கனமான குரல் அது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டே நான் அழுதேன்; அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு தங்கிவிடுவது உண்டு, விடாமல் பாடுங்கள் என்றாளாம். அலமாரியிலிருந்து இசைத்தட்டுகள் இறங்கின. தினமும் காலை ஒரு பாட்டு, மாலை ஒரு பாட்டு. பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சொற்கள் வெளியே வந்தன. மெட்டில்லாமல் அவர் தானாகச் சொன்ன முதல் சொல் "தப்பு". அதற்கடுத்து "டீ". அவள் பெயர் மூன்றாவதாகத்தான் வந்தது. அதற்காக ஒரு நாள் முழுக்க அவரிடம் சண்டை போட்டாள்.

முழுக்கக் குணமாகவில்லை. நீளமாகப் பேச மாட்டார்; தடி ஊன்றித்தான் நடக்கிறார். போன இலையுதிர் காலத்தில் பழைய ஊழியர்கள் எல்லாரும் யுனோகாவா வெந்நீர் ஊற்றுக்கு பஸ்ஸில் போனோம். வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தன் அம்மா பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டு ஒன்றை அப்படியே உருகிப் பாடினாள். இப்போதெல்லாம் இந்தப் பாட்டுகளைத்தான் தன் சிநேகிதிகள் தேடித் தேடிக் கேட்கிறார்கள் என்றும் சொன்னாள். ஷிபுகாவா ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்.

மிட்சுயோ அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில், பழைய வழிகாட்டிப் பழக்கத்தில் எதையும் பிடிக்காமல் நடுவே நின்றுகொண்டு, ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சீட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரும்படி டிரைவர் மைக்கில் இரண்டு தடவை சொன்னார். கடைசி வரிசை வரை கொடுத்து முடித்த பிறகுதான் வந்து உட்கார்ந்தாள்.