மொட்டையின் இரண்டாவது குத்து

கீழே, சாய்வாக, முன்னால், ஒரு குத்து. காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும், தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல், நின்றபடியே ஜாய்ஸ்டிக்கை அசைத்துப் பார்ப்பார் பட்டன் அக்கா. திரையில் நெருப்புப் பந்து கிளம்ப வேண்டும். கிளம்பினால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கண்ணிமைக்கும் நேரம் பிசகினாலும் போச்சு, "யாருடா நேத்து இதுல கை வச்சது?" என்று கேட்டபடி அறை அறையாகப் போவார். இருப்பது மூன்றே அறைகள் என்பதால் எங்களால் ஒளியவும் முடியாது.

கடைகளில் காசு போட்டு, நின்றுகொண்டே ஆடிய பழைய சண்டை விளையாட்டுகளை இன்றைய டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏற்றபடி மீண்டும் வெளியிடுவது எங்கள் கம்பெனியின் தொழில். அடி விழும் சத்தமெல்லாம் என் பொறுப்பு. ஆட்டம் பழையபடியே ஆடுகிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் நிரலைத் திருத்துவதும் அக்காவின் பொறுப்பு. "வீட்டுல சும்மா சண்டை போடுறா, ஆபீஸ்ல அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க" என்பது அவர் கணவர் எல்லோரிடமும் சொல்லும் ஜோக். அக்கா மறுப்பதில்லை. "ரெண்டு இடத்துலயும் ஜெயிக்கிறேன்ல?" என்பார்.

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. அலுவலகத்துக்கு யார் வந்தாலும் உட்கார வைத்து, ஓர் ஆட்டம் ஆடித் தோற்கடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பார். கூரியர்காரர்கூடத் தப்பியதில்லை. திரையில் வரும் வீரர்களை வீட்டு மனிதர்களைப் போலத் திட்டுவார். "எழுந்திரிடா தடிமாடு, விழுந்த இடத்துலயே படுத்துக்குவியா?" வெங்காயம் நறுக்க மாட்டார், விரலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி என்னாவது என்பார். நறுக்குவது கணவர்.

இப்போது வெளிவர இருக்கும் விளையாட்டில் ஒரு மல்லன் உண்டு. ஆட்டக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் மொட்டை. குதித்து இறங்கி, கால் தரையில் படும் அந்த நொடியில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால், மூச்சு வாங்காமல் இரண்டாவது குத்தும் விடுவான். விடக்கூடாதுதான், அந்தக் காலத்தில் விளையாட்டைச் செய்தவர்களின் கவனப்பிசகு. புது வடிவத்தில் அந்தக் கோளாறு தானாகவே காணாமல் போயிருந்தது. மேனேஜருக்கு நிம்மதி. "போன பழுதைத் தேடிப் புடிச்சு யாராவது திரும்ப வைப்பாங்களா?" என்றார்.

"அது பழுது இல்லைங்க, பழக்கம். அந்தக் குத்துக்காகவே மொட்டையை எடுத்து ஆடினவங்க எத்தனை பேரு! அது இல்லாம விட்டா பேருதான் அதே, ஆட்டம் வேற" என்றார் அக்கா.

வாரக்கணக்கில் உட்கார்ந்து, அந்தத் தப்பைத் தப்பில்லாமல் செய்து முடித்தார். அப்புறம்தான் சிக்கல். குத்து வருகிறது, ஆனால் பழைய அதே நொடியில் வருகிறதா? "என் கையை நம்ப முடியாதுப்பா. தட்டித் தட்டிப் புதுசுக்குப் பழகிக் கெட்டுப்போச்சு" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார்: கெடாத கை ஒன்று சரியென்றால் குத்து இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான்.

அக்கா தன் அண்ணனை அழைத்து வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். சின்ன வயதில் தெருமுனை வீடியோ கேம் கடையில் மொட்டையை வைத்துத் தங்கையைத் தினமும் துவைத்து எடுத்தவர். கடை மூடிய பிறகு ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதே இல்லை. வேலைச் சீருடையோடு வந்து நின்று, "எல்லாம் மறந்துபோச்சும்மா" என்று கூச்சப்பட்டார்.

"உனக்கு மறந்திருக்கும், கைக்கு மறக்காது. ஒண்ணு சொல்லிட்டேன், நான் விட்டுக் குடுக்க மாட்டேன்."

விட்டுக்கொடுக்கவும் இல்லை. முதல் சுற்றில் அண்ணனை எழவே விடவில்லை. அக்கா ஜெயித்துத் தொலைக்கப் போகிறாரே என்று பின்னால் நின்ற எனக்குத் தவிப்பு. இரண்டாம் சுற்றில் அண்ணன் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். மொட்டை குதித்தான், இறங்கினான், குத்தினான். உடனே இன்னொரு குத்து. "அட!" என்று அண்ணன் தன் கையையே பார்த்தார். மறுபடி குதித்தான், மறுபடி இரண்டு. மூன்றாம் சுற்றில் அக்காவின் ஆளுக்கு நிமிர்ந்து நிற்கக்கூட நேரமில்லை.

"அதேதான். அச்சு அசல் அதேதான்" என்றார் அண்ணன்.

"சரி, இருக்கட்டும்" என்றார் மேனேஜர். இந்தத் தப்பு எங்கள் அறையில் செய்தது என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டும் போல எனக்கு அப்படி ஒரு பெருமை.

அண்ணன் பழைய பழக்கத்தில் விரல்களை மடக்கிக் கையை ஓங்கினார், தோற்ற தங்கையின் தலையில் ஒரு குட்டு வைக்க. மேனேஜரும் நாங்களும் சுற்றி நிற்பது அப்போதுதான் உறைத்தது போலும். கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குனிந்து தலையைக் காட்டினார்.