ஜெபக் குறிப்பில் "வயிற்று வலி"

லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒன்பது வருடம் நான்தான் செயலாளர். நோயுற்றவர்களுக்கான ஜெபக் குறிப்புகளை நோட்டில் எழுதி, மாதக் கூட்டத்தில் வாசிப்பது என் வேலை. அதில் ஒரு வழக்கம் உண்டு. இடுப்புக்குக் கீழே பெண்ணுக்கு எது வந்தாலும் "வயிற்று வலி" என்றுதான் எழுதுவோம்.

பாடகர் குழுவில் இருந்த ஒரு சகோதரிக்கு ஏழு மாதம் அப்படி எழுதினேன். எட்டாவது மாதம் அடக்க ஆராதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்பது பலருக்குக் கல்லறைத் தோட்டத்தில்தான் தெரிந்தது. ஏழு வரியும் என் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து என் டைரிகளைப் புரட்டினேன். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், கெய்சர் பழுது பார்த்த நாள், முப்பது வருட மாதவிலக்குத் தேதிகள், எல்லாம் இருந்தன. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. எனக்கு வயது நாற்பத்தெட்டு.

அந்த வாரமே பரிசோதனைக்குப் போனேன். செல்களில் மாற்றம் இருந்தது; இன்னும் புற்றாகவில்லை. அந்த இடத்தை மட்டும் அகற்றினார்கள். அகற்றிய அன்று மாலையே வீடு திரும்பிவிட்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு ஐக்கியத்தின் தலைவி போன் செய்தார். "வயித்து வலின்னு எழுதிக்கோம்மா, ஜெபம் பண்ணிடலாம்."

"வயிறு நல்லாதான் இருக்கு அக்கா."

கூட்டத்தில் என் குறிப்பை நானே வாசித்தேன். "கர்ப்பப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம். அகற்றியாயிற்று. எனக்கு வலியோ வேறு தொந்தரவோ இருந்ததில்லை. முப்பது தாண்டிய சகோதரிகள் எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுகிறேன்."

"ஐயோ, சின்னப் பொண்ணுங்கல்லாம் உக்காந்திருக்கு!" என்றார் தலைவி.

"உக்காரட்டும் அக்கா. இதுக்குத் தடுப்பூசி போடுற வயசே அதுதான்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அக்கா, டாக்டரு ஆம்பளையா?"

"லேடிதான். நாலு பெத்தவளுக்கு இப்ப என்னடி வெக்கம்?"

சிரிப்பு எழுந்தது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை. "சரி, சொன்னது சொல்லிட்டே. நோட்டுல அதை அடிச்சிட்டு வயித்து வலின்னு போடு."

"ஏழு தடவை போட்டோம். என்ன ஆச்சு?"

"அப்ப நோட்டைக் குடு. வேற யாராவது எழுதட்டும்."

அவர் அடிக்கச் சொன்னதையும் அதே பக்கத்தில் எழுதினேன். தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன், நோட்டை அவர் மடியில் வைத்தேன். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நாலு பெற்றவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பக்கா கூட்டிட்டுப் போவே?"

"நாளைக்கு."

"நாளைக்கேவா? வீட்டுல என்னன்னு சொல்றது? வயித்து வலின்னு..."

"வாயில வருது பாரு! உள்ளதைச் சொல்லு. ஒம்பதரைக்கு வந்து நிப்பேன்."