கையில் மூன்று சொட்டு

பிரிஜெட்டைப் பார்த்து "பாவம், தனியாள்" என்று யாராவது சொல்லிவிட்டால் அவ்வளவுதான், தொலைந்தார்கள். "எனக்கென்ன பாவம்? தினம் பதினாலு பேரோட சாப்பிடுறேன். நீங்க எத்தனை பேரோட சாப்பிடுறீங்க?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவாள். அவள் சொன்னது பொய்யில்லை. பெங்களூருக்கு வெளியே அத்திபெலே பக்கம் ஒரு பிளாட்டினம் லேபில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். மத்தியானம் ஒரு மணிக்கு நீள மேஜையில் எல்லாருடைய டிபன் பாக்ஸும் வரிசையாகத் திறக்கும். பக்கத்து இருக்கை அனுஷா, "ஆண்ட்டி, இன்னைக்கு மீன் கொழம்பா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பூனை நீட்டுவாள்.

சாயங்காலம் லிங்கராஜபுரத்தில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் கதையே வேறு. மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேலை கிடையாது. கணவர் ஓஸ்வால்ட் மாரடைப்பில் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்து போய், அங்கே இப்போது ஏதோ கூரியர் குடோன். ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவளுக்கு வெறுப்பு. சர்ச்சுக்குப் போகிறவள் இப்படிப் பேசலாமா என்று கேட்டால், அவள் பேசினாளே, நான் என்ன செய்ய!

வேலை என்னவோ பார்க்க அழகானதுதான். மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்தி ஓய்ந்த பிளாட்டினக் கழிவு அங்கே வரும். அதை ராஜதிராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் கரைப்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் தெளிந்த அந்தத் திரவத்தில் நவச்சாரக் கரைசலை ஊற்றினால், கடலை மாவு போல மஞ்சளாக ஒரு உப்பு அடியில் இறங்கும். வடிகட்டிச் சுட்டால் சாம்பல் நிறத்தில் சுத்தமான பிளாட்டினம். இன்னொரு வகை உப்பைச் சின்னச் சின்னப் புட்டியில் அடைத்துத் தண்ணீர் சோதிக்கும் லேப்களுக்கு அனுப்புவார்கள். குடிநீர் எவ்வளவு மஞ்சள் தட்டியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைக் கரைத்து வைத்துக்கொள்வார்களாம்.

பிளாட்டினம் மோதிரமாகக் கையில் கிடந்தால் சாதுதான். குளோரினோடு சேர்ந்து உப்பானால்தான் வினை. சிலருடைய உடம்பு அதை ஒருநாள் எதிரியாக எடுத்துக்கொள்ளும். முதலில் தும்மல், பிறகு இழுப்பு. ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் சமாதானமே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத தூசி போதும். இதெல்லாம் லேப் சுவரில் பெரிய எழுத்தில் மாட்டியிருக்கிறது. அதை மாட்டியவளே பிரிஜெட்தான்.

அவளுக்குத் தும்மல் ஆரம்பித்தது சிவராத்திரி முடிந்த கையோடு. பிறகு சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் விசிலடித்தது. என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், "பெங்களூரு தூசிப்பா, யாருக்குத்தான் இல்ல," என்று அனுஷாவிடம் மழுப்பினாள். டாக்டருக்குத் தெரிந்தால் அன்றைக்கே லேபை விட்டு வெளியே. வெளியே போனால் அந்த மேஜை போச்சு. இருமிக்கொண்டே செத்தாலும் சரி, பேச ஆளில்லாமல் இருக்க அவளால் முடியாது.

அந்த உப்பு யார் உடம்புக்கு ஒவ்வவில்லை என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கைச்சோதனை நெருங்கியது. தோலில் தடிப்பு எழாமலிருக்க அவள் மூன்று நாள் முன்பிருந்தே அலர்ஜி மாத்திரையை விழுங்கிக்கொண்டு போனாள்.

கம்பெனி டாக்டர் மமதா அவள் முன்கையில் மூன்று சொட்டு வைத்தார். ஒன்று வெறும் உப்புநீர். அடுத்தது ஹிஸ்டமின். மூன்றாவது பிளாட்டினம் உப்பு. ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாக ஒரு குத்து. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்றாவது இடத்தில் தடிப்பே இல்லை. பிரிஜெட்டுக்குச் சந்தோஷத்தில் எழுந்து ஆடலாம் போலிருந்தது. டாக்டரோ நடுவில் இருந்த இடத்தையே உற்றுப் பார்த்தார்.

"பிரிஜெட் அவ்ரே, ஹிஸ்டமின் யாருக்கு வெச்சாலும் தடிக்கணும். உங்களுக்குத் தடிக்கல. நிஜ ஹேளி, உண்மையைச் சொல்லுங்க, என்ன மாத்திரை போட்டீங்க?"

அட, மூளையை எங்கே அடகு வைத்தாள் இவள்! விடை தெரிந்த மாதிரியையும் கூடவே வைத்துப் பார்க்காமல் எந்தச் சோதனையையும் நம்பாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பதினெட்டு வருஷமாகப் படித்துப் படித்துச் சொன்னவள்.

"சளிக்குப் போட்டேன் டாக்டர்," என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"ஒரு வாரம் மாத்திரை வேண்டாம், லேபும் வேண்டாம். அடுத்த வாரம் வாங்க, மறுபடி பாக்கலாம்."

அந்த வாரம் மூச்சு என்னவோ சுகமாகத்தான் வந்தது. படியில் ஏறினால் விசில் இல்லை. ஒரு மணி ஆனால் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், பாதிச் சோறு மிச்சமானது. புதன்கிழமை தள்ளுவண்டிக்காரரிடம் வேண்டாத கொத்தமல்லிக்குப் பத்து நிமிஷம் பேரம் பேசினாள். அவர் போனதும், இப்படியா ஆகிவிட்டோம் என்று அவளுக்கே அழுகை வந்தது. சனிக்கிழமை ராத்திரி ஜெபத்தில் அவள் கேட்டது ஒன்றுதான்: ஆண்டவரே, அந்த மூன்றாவது சொட்டு தடிக்கக் கூடாது.

திங்கட்கிழமை அது தடித்தது. ஹிஸ்டமின் தடிப்பைவிடப் பெரிதாக, சுற்றிலும் சிவந்து, கொசு கடித்து வீங்கின மாதிரி எழுந்து நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேனேஜர் சுந்தரராமன் சார்கிட்ட பேசிட்டேன்," என்றார் மமதா மெதுவாக. "வேலை போகாது. ரிப்போர்ட் எல்லாம் வீட்ல இருந்தே லேப்டாப்ல பாருங்கன்னாரு. ஆனா இனிமே லேப் பக்கம் வரக் கூடாது. லேப் கோட்டோட யார் பக்கத்துலயும் நிக்கக்கூட வேண்டாம். துணியில ஒட்டியிருக்குற தூசியே உங்களுக்குப் போதும்."

"சாப்பாட்டுக்கு மட்டும் வந்துட்டுப் போகட்டுமா டாக்டர்?"

மமதா மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடினார்.

பிரிஜெட் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். கேட் பத்தடி தூரத்தில் திறந்தே இருந்தது. அப்போதுதான் யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட அனுஷா லேபிலிருந்து ஓடி வந்தாள். போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கைமுட்டியில் மஞ்சள் கறை.

"ஆண்ட்டி! சொல்லாமக்கூடப் போறீங்களா?"

"அனுஷா, நில்லு! கோட்டு, கோட்டு!" என்று உள்ளேயிருந்து மமதா கத்தினார்.

பிரிஜெட்டுக்குக் கேட்டது. இரண்டடி பின்னால் நகர்ந்திருக்கலாம். அவள் நகரவில்லை. அனுஷா வந்து கட்டிக்கொண்டதும் அந்தக் கோட்டின் தோளில் முகத்தைப் புதைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"டாக்டர் ஏதோ கத்துறாங்க ஆண்ட்டி," என்றாள் அனுஷா.

"கத்தட்டும். நீ கொஞ்ச நேரம் இப்டியே இரு."